வெள்ளம் போகும் வழி

வீடு கட்டி முடித்தவர் எவரும் வீட்டைப் பற்றியே பேசுவர். அறை எத்தனை, நிலத்துக்கு என்ன பதித்தது, கடன் எவ்வளவு என்பனவே பேச்சாக இருக்கும். நாம் இங்கு சொல்லப் புகுவது வீட்டைப் பற்றியன்று. எமது கூரையிலும் முற்றத்திலும் விழுந்த மழைநீர் எந்த வழியாக வளவை விட்டு வெளியேறிற்று, வெளியேறி எவர் வீட்டினுட் புகுந்தது, அதன்பின் நாம் என்ன செய்தோம் என்பதே பொருள். இலக்கிய ஏட்டில் வாய்க்கால் வெட்டிய கதைக்கு என்ன வேலை என்று நண்பர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அவர்கள் வீட்டு மதிலின் அடியிலும் ஒரு குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பது எமது ஊகம்.

காணி இரண்டு பரப்பு. வலிகாமத்தின் மேற்குப்புறத்தில், கடனீரேரிக்கு அணித்தாக உள்ள கிராமம். எம் துணைவியாருக்குச் சீதனமாக வந்தது. (சீதனத்தைக் கண்டித்துப் பல்கலைக்கழக மேடைகளிற் பேசியவர்களுள் நாமும் ஒருவர் என்பதை இவ்விடத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.) ஆசிரியச் சம்பளத்தை நம்பி வங்கியிற் கடன் பெற்று 2023இல் வேலையைத் தொடங்கினோம். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் ஏறிய சீமெந்து விலையும் கம்பி விலையும் அப்போதும் முற்றாக இறங்கியிருக்கவில்லை. ஆகவே கண்ணுக்குத் தெரியும் வேலைகளுக்குப் பணத்தை ஒதுக்கினோம். தெரியாத வேலைகளை மேசனிடம் விட்டோம். மழைவெள்ளம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

மேசனார் கெட்டிக்காரர். அவர் சொன்னது இது:

"மாஸ்ரர், வெள்ளத்துக்கு ஏன் பயப்பிடுறியள்? மூண்டடி கிறவல் போட்டு வளவை உயத்துவம். சுத்திவர மதில். பின்மதிலிலை ரெண்டு பைப். தண்ணி தன்ரை பாட்டிலை ஒழுங்கைக்குப் போயிடும்."

'தன்ரை பாட்டிலை' என்ற தொடர் எமக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒழுங்கை எங்கே போகிறது என்று நாம் கேட்கவில்லை. அது எமக்குத் தெரியாததுமன்று. எமது வகுப்பு மாணவர் சிலர் அந்த ஒழுங்கையால்தான் பாடசாலைக்கு வருகின்றனர்.

இந்நாட்டின் பிற பகுதியினர்க்காகச் சில சொற்கள் கூறவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதிற் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியாகிய மூன்று மாதங்களிற் கொட்டித் தீர்ந்துவிடும். 2008 நவம்பரில் 'நிஷா' புயல் வந்தபோது ஆண்டு மழையிற் பெரியதொரு பகுதி சில நாட்களுக்குள்ளேயே விழுந்ததைக் கண்டவர் இன்றும் சொல்வர். தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி அராலியிற் கடனீரேரியை அடையும் வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஆறு. கோடையில் அது ஆடு மாடு மேயும் நிலம். இங்கு நீரைத் தாங்குவது நிலத்தின் கீழுள்ள சுண்ணக்கல். அதன் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் மழைநீர் இறங்கி, உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது. எமது கிணறுகள் யாவும் அந்த வில்லையிலே தொட்டு அள்ளுபவையே. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்து நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை உவரைத் தள்ளிவைக்கும் என்பது நீரியலார் கணக்கு. அவ்வாறாயின் மேலே ஓரடி குறைந்தாற் கீழே என்ன நேரும் என்பதை வாசகரே கணித்துக்கொள்வர். மழைநீரைக் கடலுக்கு விரட்டுவது எமக்குக் கட்டுப்படியாகாத காரியம். ஆயினும் வீட்டுக்குள் அது வந்து நிற்கவும் கூடாது. எமது சங்கடம் இதுவே.

முன்னையோர் இச்சங்கடத்தை எவ்வாறு தீர்த்தனர் என்பதற்குக் குளங்களும் கேணிகளும் வெள்ளவாய்க்கால்களும் சான்று. ஆனால் அவற்றோடு சேர்த்து எண்ணப்படாத ஒன்று உண்டு, அது வேலி. கதியாலும் கிடுகும் கொண்ட வேலி மனிதரை மறைத்தது, நீரை மறிக்கவில்லை. மேல்வளவின் வெள்ளம் வேலியடியால் ஊறிக் கசிந்து, சருகையும் மண்ணையும் அங்கேயே விட்டுவிட்டுக் கீழ்வளவுக்கு மெல்லச் சென்றது. வேலியின் புகழை நாம் பாடவில்லை. எவர் எவர் வளவுக்குள் எதுவரை வரலாம் என்பதை அதே வேலிதான் தீர்மானித்தது. கிடுகு மாறுவதற்கு எவர் வரவேண்டும் என்பதையும் சாதி தீர்மானித்தது. எனினும் நீரைப் பொறுத்தமட்டில் வேலிக்கு வாய் இருந்தது, மதிலுக்கு இல்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தனர். திரும்பி வந்தபோது வேலிகள் விழுந்து கிடந்தன. அவ்விடங்களில் வெளிநாட்டுப் பணம் வரவர மதில்கள் எழுந்தன. ஆளில்லாத காலத்தில் தூர்ந்த வாய்க்கால்களின் மேலும் சில மதில்கள் எழுந்தன. எவரும் திட்டமிட்டு வாய்க்காலை மூடினார் என்று சொல்ல முடியாது; வாய்க்கால் இருந்த இடம் மறந்துபோயிற்று.

2024 நவம்பர் கடைசி வாரம். நான்கு நாட்கள் வானம் வெளுக்கவில்லை. மூன்றடி உயர்த்திய எமது வளவில் ஒரு துளி நிற்கவில்லை. இரவு மின்சூளைப் பிடித்துக்கொண்டு பின்மதிலருகே நின்று பார்த்தோம். இரண்டு குழாய்களும் வாய்நிறையக் கக்கிக்கொண்டிருந்தன. அதைக் கைப்பேசியிற் படம்பிடித்து லண்டனிலுள்ள மைத்துனருக்கு அனுப்பினோம் என்பதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். "நல்ல பிளான்" என்று அவர் பதில் எழுதினார்.

உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்த வாரம் அது. வெள்ளத்தின் காரணமாகப் பரீட்சை சில நாட்கள் ஒத்திவைக்கப்பட்டது. அவ்விடைவேளையில் ஒரு காலை, எமது வகுப்பு மாணவி ஒருத்தி சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையில் வந்து நின்றாள். பாவாடை முழங்கால்வரை சேறு.

"சேர், உங்கடை தமிழ் நோட்ஸ் தரமாட்டியளோ? என்ரை கொப்பியள் நனைஞ்சு போச்சு."

எப்படி நனைந்தன என்று கேட்டோம். இரவு தண்ணீர் வந்தது, கட்டிலுக்குக் கீழே பெட்டியில் இருந்தன, தூக்குவதற்குள் மிதந்துவிட்டன என்றாள். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதை அவள் சொல்லவில்லை. அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் வீட்டின் ஓரத்தால் பின்மதில் தெரியும். அவள் அந்தப் பக்கம் பார்க்காமலே நின்றாள். குறிப்புகளைக் கொடுத்தோம். இரண்டு ஆண்டுகளாக அவளுடைய கையெழுத்தில் அவள் எழுதிச் சேர்த்த விளக்கங்களை எம்மாற் கொடுக்க முடியவில்லை. புறநானூற்றிலே குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனைப் பார்த்து, பள்ளமான நிலங்களில் நீரைத் தேக்குமாறு அறிவுறுத்தும் பாட்டை அவ்வகுப்பிலே ஒரு பாடவேளை முழுவதும் விளக்கியவர் நாம். முன்வரிசையில் இருந்து எழுதியவள் அவள்.

மழை ஓய்ந்த மூன்றாம் நாள் ஒழுங்கைக்குப் போனோம். அதுவரை அவ்வொழுங்கையில் நாம் நடந்ததில்லை. எமது குழாய்களுக்கு நேரே இரண்டடிப் பள்ளம் அரித்துப் போயிருந்தது. அங்கிருந்து நீர் ஓடிய தடம், ஒழுங்கையின் நடுவால், எட்டு வீடுகளின் வாசல்களைத் தொட்டுச் சென்று ஒன்பதாவது வீட்டில் முடிந்திருந்தது. கூலி வேலையும் சீவல் தொழிலும் செய்யும் குடும்பங்கள். சுவரில் வெள்ளம் நின்ற கறை முழங்காலுக்கு மேலே இருந்தது. மலகூடக் குழி நிரம்பி வழிந்த நாற்றம் இன்னும் போகவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணறுகளுக்குக் குளோரின் இட்டுச் சென்றிருந்தார். அடுத்த மாதமே குடாநாட்டில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோயிற்று. இவ்வொழுங்கைக்கு அது வரவில்லை என்பதைத் தவிர வேறு ஆறுதல் எமக்கு இல்லை.

மாணவியின் பாட்டனார் திண்ணையில் நனைந்த பாய்களைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எழுபதைக் கடந்தவர். வயல் வரம்பும் வாய்க்காலும் வெட்டித் தேய்ந்த கைகள்.

"அப்பு, எங்கடை பைப்பாலைதானே இவ்வளவும்?" என்று கேட்டோம்.

அவர் உடனே விடை சொல்லவில்லை. "இருங்கோ மாஸ்ரர்" என்று வாங்கைக் காட்டினார். பிறகு சொன்னார்: "பைப்பு மட்டுமில்லை. உங்கடை காணிக்குள்ளாலைதான் அந்த நாளையிலை வெள்ளம் போறது. மேலை மூண்டு வளவுத் தண்ணியும் அதுக்கை வந்து நிண்டு, மூலையிலை இருக்கிற வாய்க்காலாலை மதவடிக்குப் போகும். அதாலைதான் அதிலை ஒருத்தரும் வீடு கட்டேல்லை. நீங்கள் மண் போட்டு உயத்தின உடனை அந்தத் தண்ணி எங்கை போறது? ஒழுங்கைக்குத்தான்."

எமது மாமனார் அக்காணியை ஏன் சீதனத்துக்கு ஒதுக்கினார் என்பது அன்று விளங்கிற்று.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு குழாய்களையும் துணி அடைத்துச் சீமெந்தாற் பூசினோம். வீரச்செயல் செய்ததுபோல ஓர் உணர்ச்சி. அடுத்த மழைக்கு எமது முற்றத்திலே ஒரு சாண் வெள்ளம் நின்றது. நின்ற வெள்ளம் மதிலோரம் கசிந்து அதே ஒழுங்கைக்கே போயிற்று. கோபத்தினால் நீர் வழிமாறாது. கணக்குப் போட உட்கார்ந்தோம்.

ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஒரு லீற்றர். இந்த எளிய உண்மையைத் தமிழ் கற்ற நாம் முப்பத்தைந்தாம் வயதில், எமது பாடசாலைக் கணித ஆசிரியரிடம் கற்றோம். ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். இரண்டு பரப்பில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 50,600 லீற்றர். அதாவது ஆயிரம் லீற்றர் கொள்ளும் கறுப்புத் தாங்கிகள் ஐம்பது. எமது கூரை 120 சதுர மீற்றர். அதில் மட்டும் 12,000 லீற்றர். ஒரு மணிநேரத்தில் 50 மில்லிமீற்றர் கொட்டும் மழையிற் கூரைப் பீலிகள் நிமிடத்துக்கு 100 லீற்றரைச் சுமக்கவேண்டும். மேலுள்ள மூன்று வளவுகளையும் சேர்த்தால் என்னவாகும் என்று கணித ஆசிரியர் கேட்டார். நாம் புத்தகத்தை மூடிவைத்தோம்.

விழும் நீர் முழுவதும் ஓடும் நீரன்று. புல்லும் மண்ணும் உள்ள நிலம் தன் பங்கைக் குடித்துவிட்டு மிச்சத்தையே விடும்; சீமெந்து நிலம் ஏறத்தாழ முழுவதையும் விட்டுவிடும். எமது முன்முற்றம் முழுவதும் இன்ரர்லொக் கல் பதித்திருந்தோம். பார்த்தவர்கள் பாராட்டிய முற்றம் அது. கூரைக்கு அடுத்தபடியாக ஒழுங்கைக்கு நீர் வழங்கியதும் அதுவே.

கிழவரையே அழைத்துவந்தோம். அவர் எமது படலையைத் தாண்டி முற்றத்துக்கு வந்து, திண்ணையில் ஏறாமற் கீழே நின்றார். எத்தனை முறை சொல்லியும் அன்று ஏறவில்லை. நீர் நிரப்பிய தெளிந்த பிளாஸ்ரிக் குழாயின் இரு முனைகளையும் இரு தடிகளிற் கட்டி மட்டம் பார்த்தோம். ஒரு முனையை எம் துணைவியார் பிடித்தார், மறு முனையைக் கிழவர் பிடித்தார், நாம் அளவை எழுதினோம். வளவின் மேல்மூலையிலிருந்து பின்மூலைவரை 90 அடி. கிறவலுக்குக் கீழேயுள்ள பழைய நிலத்தின் சரிவு 14 அங்குலம். அது தாராளம். பின்மூலையிலிருந்து றோட்டுக் கரையிலுள்ள மதவுவரை 400 அடி. சரிவு 20 அங்குலம் மட்டுமே. 240 அடிக்கு ஓரடி. இத்துணை மந்தமான சரிவில் ஓரிடத்தில் அரையடி மண் அடைத்தால் அதற்குப் பின்னால் 120 அடிக்கு நீர் தேங்கும். மதவின் வாயில் அடைத்திருந்த மண்ணோ ஒன்றேகால் அடி.

மண்ணையும் சோதித்தோம். ஒரு சிறு குழி வெட்டி நீர் நிரப்பி, முதல் நிரப்பு ஊறிப்போன பின் மறுபடி நிரப்பி, மணிக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று அளப்பது முறை. வலிகாமத்தின் நடுப்பகுதிச் செம்மண்ணாயின் நிற்கும்போதே குடித்துவிடும். எமது பக்கத்து மண் களி கலந்தது. மணிக்கு ஓர் அங்குலம் இறங்கிற்று. மூன்றடி ஆழத்திற் சுண்ணக்கல் தட்டுப்பட்டது. அங்கே ஒரு வெடிப்பில் நீரை ஊற்றியபோது, ஊற்ற ஊற்றக் காணாமற் போயிற்று.

எமக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. எல்லா வெள்ளத்தையும் இந்த வெடிப்புக்குள் விட்டுவிடலாம் என்றோம். எம் துணைவியார்தான் கேட்டார்: "அது எங்கடை கிணத்துக்குத்தானே போகும்?" உண்மை. களிமண்ணூடாக ஊறும் நீர் வடிபட்டு இறங்குகிறது. சுண்ணக்கல் வெடிப்பால் ஓடும் நீர் எதையும் விட்டுவைக்காமற் சுமந்துசென்று கிணற்றிற் சேர்க்கிறது. எமது கிணற்றில் மட்டுமன்று, நிலத்தின் கீழே மதில் இல்லையாதலால் ஒழுங்கையாரின் கிணறுகளிலும் சேர்க்கும். குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதற்கு மலகூடக் குழிகளும் தோட்டத்து உரமும் காரணம் என்று ஆய்வாளர் பலகாலமாகச் சொல்லி வருகின்றனர். ஆகவே பிரித்தோம். கூரைநீர் ஓரளவு தூயது. அது பீலியால் தாங்கிக்குப் போய், தாங்கி நிரம்பியபின் மணலும் கரியும் சல்லிக்கல்லும் இட்ட குழிக்குப் போகட்டும். முதல் மழைக்குக் கூரையின் தூசும் பறவை எச்சமும் வரும். அந்த நீரை மட்டும் புறம்பே விட ஒரு திருகு. முற்றத்து நீர் குழிக்குப் போகக்கூடாது. அது புல்லின்மேல் பரவிப் போகட்டும்.

குழியின் கணக்கும் எம்மை ஏமாற்றியது. நான்கடிக்கு நான்கடி, ஐந்தடி ஆழம் என்றால் 80 கன அடி, 2,265 லீற்றர். கல்லை நிரப்பியதும் கல்லிடைவெளியில் 900 லீற்றரே கொள்கிறது. கூரைக்கு அது பத்து நிமிடத்து மழை. குழி ஒரு பாத்திரமன்று, ஒரு வாயில் மட்டுமே. நீரை நிறுத்தி வைக்க வேறு இடம் வேண்டும்.

அந்த இடம் காணியிலேயே இருந்தது. மூன்றடி உயர்த்தினோமே, அதுதான். பின்வளவில் 30 அடி நீளம் 20 அடி அகலத்துக்குக் கிறவலை முழுவதும் வாரி எடுத்து, பழைய நிலத்தினும் ஓரடி தாழ்த்தினோம். 600 கன அடி. ஏறத்தாழ 17,000 லீற்றர். வடக்கு மதிலோரமாக ஆறடி அகலத்தில் ஆழங்குறைந்த ஒரு வாய்க்காலை மேல்மூலையிலிருந்து இப்பள்ளம்வரை இழுத்துப் புல் பதித்தோம். மதிலின் அடியில் மேல்வளவாரின் வெள்ளம் உட்புகுவதற்கு ஐந்து துவாரங்கள் உடைத்தோம். முன்முற்றத்துக் கற்களில் வாகனம் நிற்கும் இடத்துக்கு வேண்டியவற்றை மட்டும் விட்டு மிச்சத்தைப் பெயர்த்தோம். பள்ளத்து நீர் இரண்டு நாட்களுக்குள் வடியவேண்டும். நுளம்பு முட்டையிட்டுப் பறப்பதற்கு ஒரு வாரமளவு ஆகும், டெங்குக் காலமும் மாரிக்குப் பின்னாலேயே வருகிறது. மேசனாரை மீண்டும் அழைத்தபோது அவர் எம்மைப் பார்த்த பார்வையை எழுத்தில் வடிக்க எமக்கு ஆற்றல் இல்லை. "காசு குடுத்துப் போட்ட மண்ணைக் காசு குடுத்து அள்ளுற முதல் ஆள் நீங்கள்தான் மாஸ்ரர்" என்றார்.

அள்ளிய கிறவல் பல உழவு இயந்திரப் பெட்டி. அதைக் கிழவரின் வாசலில் நிரப்பித் தருவதாகச் சொன்னோம். ஈடுசெய்யும் எண்ணம். அவர் தலையை ஆட்டினார்.

"வேண்டாம் மாஸ்ரர். என்ரை வாசலை உயத்தினா தண்ணி பக்கத்து வீட்டுக்குப் போகும்."

கிறவல் இன்னும் எமது வளவின் மூலையிற் குவிந்து கிடக்கிறது.

இவ்வளவும் எமது மதிலுக்குள் நடந்தது. வெளியே 400 அடி வாய்க்கால் மிச்சம். உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. 2025 மே மாதத் தேர்தல்வரை உறுப்பினர் என்று எவரும் இல்லை. செயலாளரிடம் மனுவைக் கொண்டுபோனோம். மனு வாங்கப்பட்டது, முத்திரை குத்தப்பட்டது. தொழினுட்ப உத்தியோகத்தர் ஒருவர் வந்து மதவைக் குனிந்து பார்த்துவிட்டு, றோட்டுக்குக் காப்பற் போட்டபோது மட்டம் உயர்ந்துவிட்டது என்றார். அது எமக்கும் தெரியும்.

மனுவுக்குக் கையொப்பம் சேர்த்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒழுங்கையார் அனைவரும் இட்டனர். மேல்வளவார் மூவருள் ஒருவர் உடனே இட்டார். ஒருவர் யோசித்து இட்டார். மூன்றாமவர் ஓய்வுபெற்ற அதிகாரி. எம்மை உட்காரவைத்துத் தேநீர் தந்து, மனுவை முழுவதும் வாசித்தார். "எழுத்து நல்லாயிருக்கு தம்பி. ஆனா உவையின்ரை பேருக்குக் கீழை என்ரை பேரை வைக்கிறதோ?" என்றார். தனியாக ஒரு கடதாசியிற் கையொப்பமிட்டுத் தருவதாகவும் சொன்னார். நாம் வேண்டாமென்று எழுந்துவந்தோம். அன்றிரவெல்லாம், அந்தக் கடதாசியையும் வாங்கியிருக்கலாமே என்று தோன்றிக்கொண்டிருந்தது. அதுவும் ஒரு கையொப்பந்தானே. இன்றும் இது பற்றி எமக்கு முடிந்த கருத்து இல்லை.

உயர்தரப் பெறுபேறு 2025 ஏப்ரலில் வந்தது. அம்மாணவிக்குத் தமிழில் 'பி'. பதினொரு ஆண்டுகளாகப் படிப்பிக்கும் எமக்கு எந்தப் பிள்ளை 'ஏ' எடுக்கும் என்று தெரியும்.

புரட்டாசியில் மூன்று சனிக்கிழமைகள் சிரமதானம். ஒழுங்கை இளைஞர், எமது பழைய மாணவர், ஆசிரிய நண்பர் நால்வர். மண்வெட்டி, அலவாங்கு, பிக்கான். பிளாஸ்ரிக் போத்தல், பழைய ரயர், ஆலம்வேர், ஒரு தையல் இயந்திரத்தின் மேசைப்பலகை எல்லாம் வாய்க்காலில் இருந்து வந்தன. கிழவர் கரையில் நின்று "உதிலை வெட்டாதேங்கோ, இஞ்சாலை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் சொன்ன இடத்தில் வெட்டியபோது பழைய வாய்க்காலின் கல்கட்டு தெரிந்தது. புதிய உறுப்பினர் வந்து படமெடுத்துக்கொண்டார். பின்னர் மதவைத் துப்புரவாக்க ஓர் இயந்திரத்தை அரைநாள் அனுப்பியும் வைத்தார். இரண்டையும் குறிப்பிடுவதே நியாயம்.

முந்நூற்று நாற்பதாவது அடியில் ஒரு மதில் நின்றது. வாய்க்காலுக்குக் குறுக்காகவே கட்டப்பட்டது. உரியவர் ரொறொன்ரோவில். வீட்டில் எவரும் இல்லை, பூட்டிய கேற். தொலைபேசியில் அழைத்தோம். நல்ல மனிதர். தம் தந்தையார் காலத்தில் அந்த வாய்க்காலிற் கடதாசிக் கப்பல் விட்டதைத் தாமே நினைவுகூர்ந்தார். மதிலை உடைப்பதானால் தாம் வந்து பார்த்தபின்புதான் என்றார். எப்போது வருவார் என்று கேட்டதற்கு, கோடை விடுமுறைக்கு என்றார். அடியில் இரண்டு துவாரம் மட்டும் இடுவதற்கு இசைந்தார். ஆறங்குலத் துவாரங்கள் இரண்டு இட்டோம். நான்கடி அகல வாய்க்கால் அவ்விடத்தில் அவ்விரண்டு துவாரங்களாற் போகிறது.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் வந்தது. மலைநாட்டிலும் பிற இடங்களிலும் அது செய்த அழிவின் முன் எமது ஒழுங்கையின் கதை பேசத் தகாதது. எனினும் எமது பக்கத்திலும் மழை பெய்தது. முதல்நாள் மாலையிற் பள்ளம் நிரம்பிற்று. மேல்வளவு வெள்ளம் ஐந்து துவாரங்களாலும் வந்து, புல்லின்மேல் பரவி, பள்ளத்தைக் கடந்து மூலையால் வெளியேறிற்று. எமது முன்முற்றத்தில் அரையடி நீர் ஓர் இரவு நின்றது. வீட்டுப்படி ஒன்று நனைந்தது. எம் துணைவியார் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. செருப்புகளை மட்டும் எடுத்து உள்ளே வைத்தார்.

நடுச்சாமத்தில் மின்சூளோடு ஒழுங்கைக்குப் போனோம். கிழவரும் அந்தப் பெண்ணும் விழித்திருந்தனர். கொப்பிகள், உடுப்புகள், அரிசி யாவும் தறப்பாளிற் சுற்றிக் கட்டிலின்மேல் இருந்தன. வாசற்படியை நீர் தொட்டு நின்றது. உள்ளே வரவில்லை. இளைஞர் இருவர் ரொறொன்ரோக்காரரின் மதிலடியில் நின்று, துவாரங்களை அடைத்த சருகைத் தடியால் இழுத்துக்கொண்டிருந்தனர். விடியுமட்டும் முறைவைத்து இழுத்தோம். எமது முறை மூன்று மணி முதல் நான்கு மணிவரை.

வெள்ளம் வடிந்தபின் கிழவர் சுவரிலே கரிக்கட்டியால் ஒரு கோடு கீறினார். 2024இன் கறை அதற்கு மேலே இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் ஒன்றரைச் சாண். படிக்கும் கோட்டுக்கும் இடையில் ஒரு விரல்கூட இல்லை.

"அந்த மதிலிலை இன்னும் ரெண்டு ஓட்டை போட்டா நாலு விரல் இறங்கும்" என்றார் அவர்.

ரொறொன்ரோவுக்கு மறுபடி எழுதியிருக்கிறோம். படங்களும் அனுப்பியிருக்கிறோம். ஆனிக்குள் அவர் வராவிட்டால் என்ன செய்வது என்று ஒழுங்கையிலே இரண்டு கருத்துகள் உண்டு. அலவாங்கு எமது வீட்டுத் தாழ்வாரத்தில் இருக்கிறது.